மோட்லின்: ஒரு சொல்லின் வீழ்ச்சியும் கண்ணீரின் சமூக வரலாறும்

1

சொற்களின் வரலாறு சமூக வரலாற்றின் ஒரு கூறு என்பது இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயினும் சொல்லாராய்ச்சி என்றவுடன் வேர்ச்சொல்லைத் தேடிக்கண்டு அவ்வளவில் அமைந்துவிடும் வழக்கமே நம்மிடையே மிகுதி. ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது என்பது போலவே, அது எவர் வாயில் எவ்வாறு பொருள் மாறியது, அம்மாற்றத்தால் எவர் உயர்ந்தனர், எவர் தாழ்ந்தனர் என்னும் வினாக்களும் முக்கியமானவை. இந்நோக்கிலே, அழுகையைக் குறித்து ஆங்கிலத்தில் வழங்கும் வினையடைச் சொல்லொன்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். 'மோட்லின்லி' என்பது அச்சொல்.

மதுமயக்கத்தாலோ தன்னிரக்கத்தாலோ, நகைப்புக்கிடமாகும் வகையில் மிகையாகக் கண்ணீர் பெருக்கிப் பேசுதல், பாடுதல், புலம்புதல் ஆகியவற்றை இவ்வினையடை குறிக்கும். இதற்கு அடியாக அமைந்த 'மோட்லின்' என்னும் பெயரடையே பெருவழக்கானது. அது குடிகாரரைப் பற்றிய பேச்சோடு நின்றுவிடவில்லை. இலக்கியத் திறனாய்விலும் ஒரு கலைச்சொல் போலப் புகுந்து நிலைபெற்றுள்ளது. ஒரு கவிதையையோ நாவலையோ 'மோட்லின்' என்று முத்திரை குத்திவிட்டால், அதனைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை என்னும் நிலை ஏற்பட்டுவிடுகின்றது. ஆங்கிலத் திறனாய்வு மரபின் வழியே பயின்ற நாமும் 'மிகையுணர்ச்சி', 'அழுகைப் புலம்பல்' முதலிய தொடர்களால் அத்தீர்ப்பினைத் தமிழ் எழுத்துகள் மீது வழங்கி வருகின்றோம். எனவே, இச்சொல்லின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

ஆங்கிலத்தில் அழுகையோடு தொடர்புடைய பிற சொற்களையும் முதலில் சுருக்கமாக நோக்குவோம். கண்ணீரைக் குறிக்கும் 'டியர்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. 'லக்ரிமோஸ்' என்னும் சொல் கண்ணீரைக் குறிக்கும் 'லக்ரிமா' என்ற இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்தது. இந்த இலத்தீன் சொல்லின் பழைய வடிவம் 'டக்ருமா' என்பதாகும். கிரேக்கச் சொல் 'டக்ரு'. இம்மூன்றும் இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அழுதலைக் குறிக்கும் 'வீப்' என்பதும் பழைய ஆங்கிலச் சொல்லே. 'கிறை' என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதன் மூலமான இலத்தீன் வினையை, உரோமக் குடிமக்களைக் குறிக்கும் 'குவிரிற்றேஸ்' என்ற பெயரோடு இணைத்து, குடிமக்களை உதவிக்கு அழைத்தல் என வறோ என்னும் பண்டைய உரோம அறிஞர் விளக்கினார். அவர் விளக்கத்தை இன்றைய மொழியியலாளர் அனைவரும் ஏற்பதில்லை. எனினும் அச்சொல் ஆங்கிலத்தில் முதலிற் குரலெழுப்பிக் கூவுதலையே குறித்தது என்பதும், கண்ணீர் விடுதல் என்னும் பொருள் பிற்பட்டே வந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இச்சொற்களில் எதுவும் ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்ததன்று. ஒன்று கண்ணீரைச் சுட்டும். மற்றொன்று குரலைச் சுட்டும். 'மோட்லின்' மட்டும் ஒரு பெண்ணின் பெயர். மகதலேனா மரியாள் என நாம் அறிந்த விவிலியப் பாத்திரத்தின் பெயர், பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்திற் புகுந்து, இடையிலிருந்த ககர ஒலியை இழந்து 'மோடலேன்', 'மோட்லின்' என வழங்கிற்று. அதனோடு சேரும் 'லி' என்னும் வினையடை விகுதியும் நோக்கற்பாலது. பழைய ஆங்கிலத்தில் உடல், உருவம் எனப் பொருள்பட்ட 'லிக்' என்ற சொல்லே தேய்ந்து விகுதியாயிற்று. கல்லறைக்குக் கொண்டுசெல்லும் பிணத்தை இறக்கி வைக்கும் தேவாலய வாயிலின் ஆங்கிலப் பெயரிலும் இச்சொல் எஞ்சியிருக்கின்றது. ஆகவே சொற்பிறப்பின்படி நோக்கின் 'மோட்லின்லி' என்பதற்கு 'மகதலேனாவின் உருவில்' என்பதே பொருள். குடித்துவிட்டு அழும் ஒருவனை வருணிக்கும் ஆங்கில எழுத்தாளன், தான் அறியாமலே அவனுக்கு மகதலேனாவின் உடலை அணிவிக்கின்றான். இஃது எவ்வாறு நேர்ந்தது?

2

சுவிசேஷங்களில் மகதலேனாவைப் பற்றிக் கூறப்படுவன மிகக் குறைவு. கலிலேயாக் கடலின் மேற்குக் கரையிலமைந்த மக்தலா என்னும் ஊரினள் அவள். கோபுரம் என்னும் பொருளுடைய அரமேயச் சொல்லினடியாக அவ்வூர்ப்பெயர் பிறந்தது. மீன்பிடிக்குப் பேர்பெற்ற அவ்விடத்தில் 2009ஆம் ஆண்டு நடைபெற்ற அகழ்வாய்வு, முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்றை வெளிக்கொணர்ந்தது. ஏழு பேய்கள் அவளை விட்டு நீங்கின என்றும், தம் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிபுரிந்த பெண்களுள் அவளும் ஒருத்தி என்றும் லூக்கா குறிப்பிடுகின்றார். சிலுவை நிகழ்ச்சியின்போது நின்றவர்களுள் அவள் பெயரும் கூறப்படுகின்றது. யோவானின் சுவிசேஷத்தில், வெறுமையான கல்லறையின் வெளியே நின்று அழுகின்றாள். உயிர்த்தெழுந்தவரை முதலிற் கண்டு அச்செய்தியைச் சீடருக்கு அறிவிக்கின்றாள். இது காரணமாகவே இடைக்கால இறையியலாளர் அவளை 'அப்போஸ்தலருக்கு அப்போஸ்தலர்' எனப் போற்றினர்.

அவள் ஒழுக்கங் கெட்டவள் என்பதற்குச் சுவிசேஷங்களில் ஆதாரம் எதுவுமில்லை. லூக்காவின் ஏழாம் அதிகாரத்தில், பரிசேயன் ஒருவனின் வீட்டில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தன் கூந்தலால் துடைக்கும் பாவியான பெண்ணுக்குப் பெயர் தரப்படவில்லை. 591ஆம் ஆண்டளவில் பாப்பரசர் முதலாம் கிறகோரியார் ஆற்றிய மறையுரையொன்றில், பெயரற்ற இப்பெண்ணும், பெத்தானியா ஊர் மரியாளும், மகதலேனாவும் ஒருத்தியே எனக் கூறப்பட்டனர். ஏழு பேய்கள் ஏழு பாவங்களாக விளக்கப்பட்டன. கிழக்குத் திருச்சபை இவ்விணைப்பை ஏற்கவில்லை. மேற்கிலோ அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. 1517ஆம் ஆண்டை அடுத்து லெஃபெவ்ர் டேத்தாப்பிள் என்னும் பிரெஞ்சு அறிஞர் மூவரும் வேறுவேறானோர் என எழுதியபோது, 1521இல் பாரிஸ் பல்கலைக்கழக இறையியற் பீடம் அக்கருத்தைக் கண்டித்தது. கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியில் இவ்விணைப்பைக் கைவிட்டது 1969ஆம் ஆண்டிலேயாகும். 2016இல் அவளுடைய நினைவுநாள், அப்போஸ்தலருக்குரியது போன்ற திருவிழாவாக உயர்த்தப்பட்டது.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கல்லறையருகே நின்ற பெண்ணின் கண்ணீர் இழப்பினால் வந்தது. பரிசேயன் வீட்டுப் பெண்ணின் கண்ணீர் குற்றவுணர்வினால் வந்தது. இருவரும் ஒருத்தியாக்கப்பட்டபோது முதலாவது கண்ணீர் இரண்டாவதனுள் மறைந்துபோயிற்று. செய்தி கொண்டு சென்ற சாட்சி, காலடியிற் கிடந்து அழும் பாவியானாள். ஆட்களைக் குழப்பிய இவ்விணைப்பு, கண்ணீரின் காரணத்தையும் மாற்றிவிட்டது எனலாம். சொல்லின் வீழ்ச்சிக்கு வித்திடப்பட்டது இங்கேதான்.

3

ஆயினும் இடைக்கால இங்கிலாந்தில் 'மோட்லின்' இழிவுச் சொல்லாக இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சோசர் இயற்றிய 'கன்ரபரிக் கதைக'ளில் வரும் மாலுமியின் மரக்கலத்துக்கு 'மோடலேன்' என்பதே பெயர். 1458இல் வில்லியம் வேன்பிளீற் என்னும் ஆயர் ஒக்ஸ்போர்டில் நிறுவிய கல்லூரியும், 1542இல் கேம்பிரிட்ஜில் மறுசீரமைக்கப்பட்ட கல்லூரியும் அவள் பெயரையே தாங்கின. எழுத்தில் 'மக்டலின்' எனக் காணப்படினும், இன்றுவரை அவ்விரு கல்லூரிகளின் பெயரும் 'மோட்லின்' என்றே உச்சரிக்கப்படுகின்றன. கற்றோர் பிற்காலத்தில் இலத்தீன் மரபுக்கேற்ப எழுத்தைத் திருத்தினர்; நாவோ பழைய ஒலியைக் கைவிடவில்லை. இதன் விளைவாக ஒரே பெயர் இரண்டு சொற்களாகப் பிரிந்தது. கல்லூரியின் வாயிலில் அது புனிதப் பெயராக நின்றது, மதுச்சாலையில் இழிசொல்லாயிற்று. செவிக்கு இரண்டும் ஒன்றே.

இப்பிரிவு நிகழ்ந்த காலத்தை ஓரளவு துல்லியமாகவே காணமுடிகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே கத்தோலிக்க மறுமலர்ச்சியோடு அழும் மகதலேனா ஓவியத்திலும் கவிதையிலும் பெருவழக்கானாள். இத்தாலிய ஓவியர் திசியன் அவளைக் கண்ணீர் மல்கும் விழிகளோடு பலமுறை தீட்டினார். பாவசங்கீர்த்தனத்தின் புனிதத்தை வலியுறுத்த முனைந்த திருச்சபைக்கு அவளுடைய உருவம் தகுந்த கருவியாயிற்று. இங்கிலாந்திலோ நிலை வேறு. அங்கே மடாலயங்கள் கலைக்கப்பட்டு, புனிதர் வணக்கம் ஒதுக்கப்பட்டது. 1549ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலில் இடம்பெற்ற மகதலேனாவின் திருநாள் வழிபாடு, 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது.

இச்சூழலில் அடுத்தடுத்து இரு நூல்கள் வெளிவந்தன. 1591இல், தலைமறைவாக வாழ்ந்த இயேசுசபைக் குரு றொபேட் சவுத்வெல் எழுதிய 'மரி மகதலேனாவின் ஈமக் கண்ணீர்' என்னும் உரைநடை நூல் அச்சேறியது. கல்லறையருகே அழும் பெண்ணை நாயகியாகக் கொண்ட அந்நூல் மறுபதிப்புகள் பல கண்டது. சவுத்வெல் 1592இல் கைதாகி, 1595இல் இலண்டன் டைபேர்னில் தூக்கிலிடப்பட்டார். அவர் கைதான அதே 1592ஆம் ஆண்டில் தோமஸ் நாஷ் என்பாரின் 'பியர்ஸ் பெனிலெஸ்' என்னும் அங்கத நூல் வெளிவந்தது. அதிற் குடிகாரர் எட்டு வகையினராகப் பகுக்கப்படுகின்றனர். குரங்கு, சிங்கம், பன்றி, செம்மறி, வெள்ளாடு, நரி என வகைப் பெயர்களிற் பெரும்பாலானவை விலங்கின் பெயர்கள். இவற்றிடையே ஐந்தாவதாக வருவது 'மோட்லின்' வகை. குடிபோதையின் நடுவே அன்பு மேலிட்டு அழுபவன் அவன்.

இவ்வகைப்பாட்டில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. முதலாவது, விலங்குகளின் வரிசையில் வைத்தெண்ணப்பட்ட பெண் இவள் ஒருத்தியே. இரண்டாவது, இங்கே அழுபவன் ஆண். ஆணின் அழுகையை எள்ளுவதற்கு ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டிருக்கின்றது. சிங்கமெனச் சினப்பவனும் நரியெனச் சூழ்ச்சி செய்பவனும் ஆணாகவே இருக்க, அழுபவன் மட்டும் பெண்ணாக்கப்படுகின்றான்.

சவுத்வெல்லின் நூலுக்கு எதிராகவே நாஷ் இதனை எழுதினார் என நாம் கூறவில்லை. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1593இல், அதே நாஷ் 'எருசலேமுக்காகக் கிறிஸ்து சிந்திய கண்ணீர்' என்னும் நூலை வெளியிட்டார் என்பதையும் மறந்துவிடலாகாது. அவ்வெழுத்தாளர் கண்ணீருக்கே பகைவரல்லர். அவருடைய காலமே இரு கூறாகப் பிளவுபட்டிருந்தது என்பதுதான் உண்மை. வழிபாட்டில் இடமிழந்த உருவம், மக்களின் நினைவிலிருந்து உடனே நீங்கிவிடாது. புனிதத்தை இழந்த நிலையில் அது கேலிக்குரிய உருவமாக எஞ்சும். அரசின் ஆணையால் தேவாலயத்தினின்றும் வெளியேற்றப்பட்ட மகதலேனா, மதுச்சாலையிற் புகலடைந்தாள் என்பதே நாம் கொள்ளும் முடிபு. 1646இல் றிச்சட் கிறஷோ தமது கவிதைத் தொகுதியில் அவளுடைய கண்ணீரைப் பாடிய காலத்தில், ஆங்கிலச் செவிக்கு 'மோட்லின்' பெரிதும் நகைச்சொல்லாகிவிட்டிருந்தது. அக்கவிதை பிற்காலத் திறனாய்வாளரால் மிகையுணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்பட்டமையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது.

4

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வரலாறு எதிர்பாராத திருப்பமொன்றை அடைகின்றது. வணிகத்தால் வளம்பெற்ற இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம், மென்னுணர்வைத் தன் பண்பாட்டுச் சின்னமாகக் கொண்டது. பிறர் துன்பம் கண்டு கண்ணீர் விடுதல் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. 1771இல் ஹென்றி மக்கென்சி எழுதிய 'உணர்ச்சி மனிதன்' என்னும் நாவலில், நாயகனும் பிறரும் பக்கத்துக்குப் பக்கம் அழுகின்றனர். அன்றைய வாசகர் அதனை விரும்பிப் படித்தனர். 1886இல் ஹென்றி மோர்லி என்னும் பேராசிரியர் அந்நாவலைப் பதிப்பித்தபோது, நூலில் எவ்வெப் பக்கங்களில் கண்ணீர் சிந்தப்படுகின்றது என்பதற்கு ஒரு சொல்லடைவே தயாரித்துச் சேர்த்தார். ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் உயர்பண்பாக இருந்தது நகைப்புக்குரிய புள்ளிவிவரமாகிவிட்டது. நாவலின் சொற்கள் மாறவில்லை, வாசகரே மாறினர். மிகை என்பது நூலினுள்ளே நிலையாகக் கிடக்கும் பொருளன்று, காலமும் வர்க்கமும் வகுக்கும் அளவுகோல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அதே காலப்பகுதியில் மகதலேனாவின் பெயர் ஒரு நிறுவனத்துக்கும் சூட்டப்பட்டது. 1758ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், றொபேட் டிங்லி, ஜோனஸ் ஹன்வே முதலிய இலண்டன் வணிகரின் முயற்சியால், 'மனந்திரும்பிய' பரத்தையருக்கான மக்டலின் இல்லம் திறக்கப்பட்டது. அவ்வில்லத்தின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு பிரபுக்களும் சீமாட்டியரும் சென்று காணும் நிகழ்ச்சியாயிற்று. 1760ஆம் ஆண்டு சனவரியில் இளவரசர் எட்வேட்டுடன் அங்கு சென்ற ஹொறஸ் வோல்ப்போல், தாம் கண்டதை நண்பருக்கெழுதிய கடிதத்தில் விவரித்தார். வில்லியம் டொட் என்ற போதகரின் உரையைக் கேட்டு இல்லத்துப் பெண்கள் விம்மி அழுததையும், உடன் சென்ற உயர்குடிப் பெண்கள் இருவரும் அழுததையும் அவர் ஏளனம் கலந்த நடையில் எழுதியுள்ளார்.

ஒரே மண்டபத்தில் இருதிறத்தார் அழுதனர். ஒரு திறத்தார் வறுமையால் உடலை விற்க நேர்ந்து, பின்னர் தையல் முதலிய வேலைகளுக்கும் வழிபாட்டுக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட பெண்கள். அவர்களுடைய கண்ணீர், உள்ளே தங்கியிருப்பதற்குத் தகுதி தரும் சான்றாகக் கொள்ளப்பட்டது. மறுதிறத்தார் கண்டு கலங்கி வண்டியேறி வீடு திரும்புவோர். அவர்களுடைய கண்ணீர் தம் மென்னுணர்வை உறுதிப்படுத்தும் அணிகலன். அப்பெண்கள் அந்நிலைக்கு வந்த காரணத்தை இருதிறத்தாரின் கண்ணீரும் மாற்றிவிடவில்லை.

5

அயர்லாந்தில் இக்கதை இன்னும் கொடிய முடிவை எட்டியது. 1767இல் டப்ளினில் அரபெல்லா டெனி சீமாட்டியின் முயற்சியால் முதலாவது மக்டலின் இல்லம் திறக்கப்பட்டது. அது புரொட்டஸ்தாந்தரின் நிறுவனம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கத்தோலிக்கக் கன்னியர் சபைகள் இத்தகைய இல்லங்களைப் பெருமளவில் ஏற்று நடத்தின. 1922இல் அயர்லாந்து சுதந்திர அரசு அமைந்த பின்னர், நான்கு சபைகளின் கீழ் பத்துச் சலவைக்கூடங்கள் இயங்கின. மணமாகாது கருவுற்றவர், அநாதைகள், தொழிற்பள்ளிகளிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமியர், குடும்பத்தாருக்குச் சுமையானோர் எனப் பலதிறப்பட்ட பெண்கள் அவற்றுள் அடைக்கப்பட்டனர். விடுதிகள், மருத்துவமனைகள், அரச நிறுவனங்கள் ஆகியவற்றின் துணிகளை அவர்கள் கூலியின்றி வெளுத்தனர். பாவத்தைக் கண்ணீரால் கழுவிய பெண்ணின் பெயரால், பிறருடைய அழுக்கை நீரால் கழுவும் உழைப்பு அவர்களிடமிருந்து பெறப்பட்டது. சமயக் குறியீடு எவ்வாறு உழைப்புச் சுரண்டலின் கருத்துநிலையாகத் தொழிற்படும் என்பதை விளக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

1993இல் டப்ளினின் ஹை பார்க் சலவைக்கூடத்தைச் சேர்ந்த நிலம் விற்கப்பட்டபோது, அங்கு புதைக்கப்பட்டிருந்த 155 பெண்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர்களுட் பலருடைய மரணம் முறைப்படி பதிவாகியிருக்கவில்லை. கடைசிச் சலவைக்கூடம் 1996இல் மூடப்பட்டது. 2013 பெப்ரவரியில் வெளியான அரச விசாரணை அறிக்கை, 1922க்குப் பின்னர் ஏறத்தாழ 10,000 பெண்கள் இக்கூடங்களுட் புகுந்தனர் எனவும், வருகையின் வழி தெரிந்த நேர்வுகளிற் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டவற்றில் அரசுக்கு நேரடித் தொடர்பிருந்தது எனவும் கூறியது. அம்மாதம் 19ஆம் திகதி பிரதமர் எண்டா கெனி பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். உரையின் இறுதியில் அவர் குரல் தழுதழுத்தது. அதனை எவரும் 'மோட்லின்' என்று கூறத் துணியார். ஏனெனில், அக்குரல் தழுதழுத்ததற்குரிய காரணம் அனைவர் கண்முன்னும் இருந்தது.

6

இவ்வரலாறு நமது திறனாய்வுக்குக் கூறுவது யாது?

வினையடை என்பது ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கூறுமேயன்றி, ஏன் நிகழ்ந்தது என்பதைக் கூறாது. 'மோட்லின்லி' என்பதோ காரணத்தைக் கூறாததோடு, காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்பதையே மறுத்துவிடுகின்றது. அழுபவரை அழுகையின் காரணத்திலிருந்து பிரித்துவிட்டால் எந்த அழுகையும் நகைப்புக்கிடமாகும். நாம் கண்ட ஒவ்வொரு கட்டத்திலும் நிகழ்ந்தது இதுவே. கல்லறை மறைக்கப்பட்டது, கண்ணீர் எஞ்சியது. வறுமை மறைக்கப்பட்டது, விம்மல் எஞ்சியது.

தமிழ் இவ்விடயத்தில் மாசற்றது எனக் கூறிவிடவும் முடியாது. தேம்பித் தேம்பி, விம்மி விம்மி, கோவெனக் கதறி, கண்ணீர் மல்க என்பன போன்ற நமது வழக்குகள் அழுகையை உடலின் இயக்கமாகவே காட்டுகின்றன, அழுபவரைப் பழிப்பதில்லை. ஆனால் 'நீலிக்கண்ணீர்' என்ற தொடரும் நம்முடையதே. பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குவது. கணவனாற் கொலையுண்ட பெண் பேயுருவில் மீண்டு, வேளாளர் அவையில் அழுது முறையிட்டுப் பழிதீர்த்தாள் என்பதும், அவனுடைய உயிருக்கு வாக்களித்த எழுபது வேளாளரும் தீப்பாய்ந்தனர் என்பதும் கதையின் சாரம். வாக்குத் தவறாமைக்காக வேளாளர் புகழ்பெற்றனர். பெண்ணின் பெயரோ பொய்யழுகைக்கு மறுபெயராயிற்று. கதையின் தொடக்கத்தில் ஒரு கொலை இருக்கின்றது என்பதை அத்தொடரைக் கையாள்வோரில் எத்தனை பேர் நினைக்கின்றனர்? ஆங்கிலம் ஒரு பெண்ணின் பெயரை மிகையழுகைக்குச் சூட்டியது. நாம் ஒரு பெண்ணின் பெயரைப் பொய்யழுகைக்குச் சூட்டினோம். இரண்டிலும் மறைக்கப்பட்டது காரணமே.

இனித் திறனாய்வுக்கு வருவோம். ஆங்கிலத் திறனாய்வில் மிகையுணர்ச்சி பற்றிய கோட்பாட்டை ஒழுங்குபடுத்தியவருள் ஐ. ஏ. றிச்சட்ஸ் முக்கியமானவர். 1929இல் வெளிவந்த அவரது 'செயன்முறைத் திறனாய்வு' என்னும் நூலில் இதற்கென ஓர் இயல் உண்டு. நேர்ந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாத அளவிற் பெருகும் உணர்ச்சியை அவர் குறைபாடாகக் கொண்டார். அதே இயலில், உணர்ச்சியைத் தடுத்து ஒடுக்கிக்கொள்வதையும் அதன் மறுபக்கமான குறைபாடாகவே அவர் எடுத்துரைத்தார். நமது திறனாய்விலே முதற்பாதி எடுத்தாளப்பட்ட அளவுக்கு இரண்டாம் பாதி எடுத்தாளப்படவில்லை. மேலும், நிகழ்ச்சிக்குப் பொருந்துவது எவ்வளவு என்பதை அளப்பவர் யார்? பட்டினியை அறியாதவனுக்கு, ஒரு தாய் ஒருபிடி அரிசிக்காக அழுவது மிகையாகவே தோன்றும். வாசகனின் வர்க்க அனுபவத்தைக் கணக்கில் எடுக்காத அளவுகோல், அளவுகோலாகாது.

இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைவுகூர்வது பயனுடைத்து. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு நிலைக்களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அங்கு கூறப்படுகின்றன. பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், முன்னைய நிலை கெட்டு வருந்துதல், இல்லாமை எனச் சுருக்கமாக விளக்கலாம். இது முற்றுப்பெற்ற பட்டியல் என்றோ, இன்றைய சமூகவியலின் முடிபுகள் அனைத்தும் அங்கே முன்கூட்டி அடங்கியுள்ளன என்றோ பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அழுகையின் அளவைப் பற்றிப் பேசுவதன் முன் அதன் நிலைக்களத்தைக் கேட்கும் முறையே இங்கு நாம் கொள்ளவேண்டியது. மகதலேனாவின் கண்ணீர் இழவின்பாற்பட்டது. சலவைக்கூடத்துப் பெண்களின் கண்ணீரில் நான்கும் கலந்திருந்தன.

இதனால் எல்லாக் கண்ணீரும் இலக்கியத்திற் சிறப்புடையது என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. கண்ணீரைச் சரக்காக்கி விற்கும் நாவலும் திரைப்படமும் உள்ளன. ஏழைகளை அழவைத்து வாசகரின் இரக்கத்தைக் கோரி அவ்வளவில் அமைந்துவிடும் கதைகள் முற்போக்கு முகாமிலிருந்தும் வந்துள்ளன என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு வேண்டும். மக்டலின் இல்லத்துக்கு வண்டியேறிச் சென்ற சீமாட்டியின் கண்ணீர்தான் இவற்றின் முன்னோடி. ஆனால் அவற்றின் குறை கண்ணீர் கூடியமையன்று. கண்ணீரின் காரணம் குறைந்தமை. ஒரு படைப்பில் எத்தனை பேர் எத்தனை முறை அழுகின்றனர் என எண்ணுவது மோர்லியின் சொல்லடைவுக்கு ஒப்பான வேலை. அவர்கள் ஏன் அழுகின்றனர் என்பதைப் படைப்பு காட்டுகின்றதா, அதனை மாற்றக்கூடியதொன்றாகக் காட்டுகின்றதா என்று வினவுவதே திறனாய்வின் கடமை.

ஆகவே, ஒரு நூலை அழுகை மிக்கது எனத் தள்ளுவதன் முன் திறனாய்வாளர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். நாம் விலக்க விரும்புவது அந்தக் கண்ணீரையா, அதற்குக் காரணமானதைக் காண நேர்வதையா? 'மோட்லின்' என்ற சொல்லின் நானூறு ஆண்டு வரலாற்றில், அதனைக் கையாண்டவரிற் பெரும்பாலோர் இக்கேள்வியை எழுப்பவில்லை. நாம் எழுப்புவோமாயின், சுவிசேஷக் கதையில் எல்லோருக்கும் முன்னே செய்தி கொண்டு ஓடிய அந்தப் பெண்ணுக்கு, அவளுடைய சாட்சியத்தையேனும் திருப்பிக் கொடுத்தவராவோம்.